இரும்பு ஆங்கிளும் இளவரசி வீட்டு உளுந்தும்

வீடியோ பார்த்து ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டவன் கையில் யாரும் ஸ்பானரைக் கொடுக்கக் கூடாது. சமையல் வீடியோ பார்த்தவனால் பெரிய ஆபத்தில்லை. ஒரு வேளைச் சாப்பாடு போகும். ஓட்டலில் பார்சல் வாங்கிச் சமாளித்துக்கொள்ளலாம். கார் வீடியோ பார்த்தவன் அப்படியில்லை. ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிற வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான். நானும் படுத்தேன். அதுவும் வெள்ளை வேட்டியோடு, பெண் பார்க்கப் போன வீட்டு வாசலில், அந்தப் பெண்ணின் கண் முன்னால்.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. திருவிடைமருதூர்ப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். (இன்றும் அதே வேலைதான். ஆனால் விசை, திருப்புத்திறன் என்று பாடம் வரும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்கிறேன்.) அப்பா பிறத்தியார் வயலில் கூலிக்கு நாற்றுக்கட்டு சுமந்து, பிறகு குத்தகைக்கு எடுத்து, கடைசியில் சொந்தமாக ஆறு மா (இரண்டு ஏக்கர்) நிலம் வாங்கியவர். எங்கள் குடும்பத்தில் டிராக்டருக்கு முன்னால் கார் வந்தது என்னால்தான். யாரோ ஒரு டாக்டர் ஓட்டி அலுத்துப்போய் விற்ற சின்னக் கார். நான்கு பேர் உட்காரலாம் என்று பதிவுச் சான்றிதழில் போட்டிருக்கும். எழுதியவர் ஒல்லியான ஆட்களை மனதில் வைத்து எழுதியிருக்க வேண்டும்.

நம் பக்கத்துச் சாலைகளைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாய்க்கால் எங்கே வளைகிறதோ அங்கே ரோடும் வளையும். அப்படி ஒவ்வொரு வளைவிலும் என் கார் ஒரு பக்கமாகச் சாயும். அம்மா கதவுக்கு மேலே இருக்கிற கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எல்லா முருகன் கோயில்களையும் வரிசையாகக் கூப்பிடுவாள். இதற்கு என்ன தீர்வு என்று ஒருநாள் போனில் தேடினேன். அன்றோடு என் நிம்மதி போயிற்று.

விஷயம் இதுதான். மூடி இல்லாத அட்டைப்பெட்டியின் இரண்டு மூலைகளைப் பிடித்துத் திருகினால் பெட்டி முறுக்கிக்கொள்ளும். குறுக்கே ஒரு குச்சியைக் கொடுத்து ஒட்டிவிட்டால் முறுக்காது. காரின் உடம்பும் அப்படித்தானாம். முன் சக்கரங்களின் ஸ்பிரிங் மேலே வந்து முட்டுகிற இரண்டு இடங்களையும் என்ஜினுக்கு மேலே ஒரு கம்பியால் இணைக்க வேண்டும். வண்டிக்கு அடியிலும் குறுக்கே இன்னொன்று. வண்டி விறைத்துக்கொண்டு நிற்கும், வளைவில் சொன்னபடி கேட்கும். இதற்குச் சேஸிஸ் பிரேஸிங் என்று பெயர். வீடியோவில் இதைச் சொன்னவர் மலைப்பாதையில் பறந்துகொண்டிருந்தார். எங்கள் தாலுகாவிலேயே உயரமான இடம் ஆற்றுப்பாலம்தான். அந்த வித்தியாசம் எனக்கு உறைக்கவில்லை.

கம்பெனிக் கம்பியின் விலையைப் பார்த்ததும் போனை மூடிவிட்டு, கும்பகோணம் ரோட்டில் இரும்புக் கேட்டும் ஜன்னல் கிரில்லும் அடிக்கிற பாஸ்கரிடம் போனேன். பாஸ்கர் என்னோடு பத்தாவது வரை படித்தவன். எதைச் சொன்னாலும் 'முடியாது' என்று சொல்லத் தெரியாதவன். நண்பனாக இருக்க அது நல்ல குணம். வெல்டராக இருக்க அது மிக மோசமான குணம் என்று அப்போது எனக்குத் தெரியாது. வெள்ளைத்தாளில் அம்புக்குறியெல்லாம் போட்டு, எந்த விசை எந்தப் பக்கம் தள்ளும் என்று அவனுக்கு ஒரு பாடமே நடத்தினேன்.

"புரியுது வாத்தியாரே," என்றான். "வண்டி வளையக் கூடாது. அவ்வளவுதானே?"

"முறுக்கக் கூடாது."

"ரெண்டும் ஒண்ணுதான். அடியில கம்பி வேணாம், ஆங்கிள் போட்டுடுவோம். யானை ஏறி நின்னாலும் அசையாது."

என் காரில் யானை ஏறப்போவதில்லை என்பதை அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஆங்கிள் என்றால் தெரியுமல்லவா, இரண்டு பட்டைகளை மூலையாகச் சேர்த்தது போன்ற இரும்பு. அதை வண்டியின் வயிற்றுக்குக் குறுக்கே வைத்து, ஒரு பட்டை கீழ்நோக்கி நாலு விரல் தொங்கும்படி முடுக்கினான். மேலே என்ஜினுக்குக் குறுக்கே ஒரு தடித்த குழாய். ஏதோ ஒரு பள்ளிவாசல் கேட்டுக்கு அடித்தது போக மீந்த பச்சைப் பெயின்ட். பானெட்டை மூடினால் குழாய் இடித்தது. பாஸ்கர் பானெட்டில் சுத்தியலால் நாலு போடு போட்டு அதற்கு இடம் செய்து கொடுத்தான். மோட்டார் துறையில் இதற்கு வேறு பெயர் இருக்கலாம்.

தனியாக ஓட்டிப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், வண்டி வளைவில் அம்பு மாதிரி போனது. (எனக்கு அப்படித் தோன்றியது. செலவு செய்தவனுக்கு அப்படித்தான் தோன்றும்.) பெருமை தாங்காமல் அப்பாவை உட்காரவைத்துப் பாலத்து வளைவில் திருப்பிக் காட்டினேன்.

"என்னப்பா, வித்தியாசம் தெரியுதா?"

"தெரியுது. முந்தி குலுங்கிச்சு. இப்ப குலுங்கிக்கிட்டே கிணுகிணுங்குது."

இந்த லட்சணத்தில்தான் இளவரசியின் ஜாதகம் வந்தது. அவள் கால்நடை மருத்துவர். ஊர் திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவில் உள்ளே பிரிகிற ஒரு கிராமம். (பெயர் வேண்டாம், மாமனார் கோபித்துக்கொள்வார்.) அதற்குமுன் எனக்குப் பார்த்த இடங்களிலெல்லாம் ஏதாவது ஒன்று சரிப்படாமல் போயிருந்தது. முடி, பள்ளிக்கூட வேலை, அப்பாவின் வெளிப்படையான பேச்சு என்று காரணங்கள் வேறு வேறு. எனக்குச் சலித்துவிட்டது. ஆனால் இளவரசியோடு ஒருநாள் போனில் பேசினேன். ஊசி போடப்போன இடத்தில் ஓர் எருமை எட்டி உதைத்துத் தன் செல்போனைக் கழுநீர்த் தொட்டிக்குள் தள்ளிய கதையை, எருமையின் பக்கம் நின்று நியாயமாகச் சொன்னாள். அன்று ராத்திரி முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன். இந்தப் பெண்தான் வேண்டும், இது கைவிட்டுப் போனால் இனி ஜாதகக்கட்டைத் திறக்கவே மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஒரே சிக்கல், அவள் அப்பா தங்கராசு. அவருக்கு வேகம் என்றால் ஆகாது. அவருடைய மச்சான் ஒருவர் புது டிராக்டரை வேகமாக ஓட்டிக் காட்டுகிறேன் என்று குளத்துக்குள் இறக்கியவர். அதிலிருந்து அவருக்கு அந்தப் பயம். இளவரசியைப் பார்க்க பைக்கில் உறுமிக்கொண்டு வந்த ஒரு பையனை, காப்பிகூடக் கொடுக்காமல் திருப்பி அனுப்பியிருந்தார். சம்பந்தம் பேசிய என் தாய்மாமா இதைத் தெரிந்துகொண்டு, "எங்க பையன் நாப்பதைத் தாண்டினதே இல்லீங்க. சைக்கிள்காரன் ஒதுங்கச் சொன்னா இவன் ஒதுங்கிடுவான்," என்று அடித்துச் சொல்லியிருந்தார். அது பொய்யில்லை. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், அந்தக் காரை நான் நாற்பதுக்கு மேல் ஓட்டியதில்லை. நாற்பதில் போகிறவனுக்கு மலைப்பாதைக் கம்பி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அதைத்தான் எல்லோரும் கேட்டார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

சித்திரை பிறந்ததும் ஒரு நல்ல நாளில் கிளம்பினோம். வேன் வைக்கலாம் என்றார் மாமா. நான் விடவில்லை. என் வண்டி வளைவில் திரும்புகிற அழகைப் பெண் வீட்டார் பார்க்க வேண்டும் என்று எனக்கு உள்ளூர ஆசை. முன்னால் அப்பா ஏறினார். பின்னால் அம்மா, மடியில் பூ, பழம், வெற்றிலைபாக்குத் தட்டு. கடைசியாக மாமா ஏறினார். மாமா நல்ல ஆகிருதி. வாழைக்காய் மண்டி வைத்திருப்பவர். அவர் உட்கார்ந்ததும் கார் மூச்சை விட்டது போல் கீழே இறங்கியது. ஆள் ஏறினால் வண்டி அமுங்கும், அமுங்கினால் அடியில் தொங்குகிற ஆங்கிளும் கூடவே தரைக்கு வரும். இதைக் கணக்குப் போட இயற்பியல் பட்டம் தேவையில்லை. பட்டம் இருந்தும் நான் போடவில்லை.

முதல் வேகத்தடையில் 'டங்' என்று ஒரு சத்தம். கோயில் மணி மாதிரி கணீரென்று இருந்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அடுத்ததில் வண்டி வேகத்தடையின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. எல்லோரையும் இறக்கிவிட்டேன், கார் ஏறியது, மறுபடியும் ஏற்றிக்கொண்டேன். அதன்பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. வேகத்தடையைக் கண்டால் மாமா தானாகவே கதவைத் திறந்து இறங்கி, அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு, அந்தப் பக்கம் நடந்துபோய் நிற்பார். மன்னார்குடியில் ஒரு டீக்கடைக்காரர், "என்னங்க, வண்டிக்கு வழிகாட்டியா?" என்று விசாரித்தார். நம் சனங்களுக்கு வேகத்தடை போடுவதில் இருக்கிற ஆர்வம் வேறெதிலும் இல்லை என்பதை அன்றுதான் முழுசாகத் தெரிந்துகொண்டேன்.

"இந்தக் கம்பி எதுக்குன்னு சொன்ன?" என்று மாமா நாலாவது முறை ஏறும்போது கேட்டார்.

"வண்டி நிலையா போறதுக்கு மாமா."

"நாங்க ஏறாம இருந்தா நிலையா போவும் போல."

திருத்துறைப்பூண்டி தாண்டி, முத்துப்பேட்டை ரோட்டிலிருந்து வாய்க்கால் கரையோடு உள்ளே பிரிந்தோம். அது உளுந்து அறுவடைச் சமயம். தையில் சம்பா அறுவடைக்கு முன்னாலேயே வயலில் தெளித்துவிட்ட உளுந்து, பங்குனி சித்திரையில் முற்றிக் காய்ந்துவிடும். செடியைப் பிடுங்கி ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் அதன்மேல் ஏறி இறங்க, காய் வெடித்து உளுந்து கீழே கொட்டும். பிறகு செடியை உதறி ஒதுக்கிவிட்டு, உளுந்தைக் கூட்டி அள்ளித் தூற்றிக்கொள்ள வேண்டியதுதான். அடிப்பதற்குக் கூலி ஆள் தேட வேண்டாம். டிரைவரை யாரும் கேட்பதில்லை, டிரைவரும் கோபித்துக்கொள்வதில்லை. டெல்டாவில் வண்டி ஓட்டுகிற எல்லோரும் வாழ்நாளில் பல மூட்டை உளுந்து அடித்துக் கொடுத்தவர்கள்தான். ஆகவே முன்னால் ரோடு முழுக்க முழங்கால் உயரத்துக்குச் செடி பரப்பியிருப்பதைப் பார்த்தபோது எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. நாமும் ஒரு உபகாரம் செய்துவிட்டுப் போவோம் என்று மெதுவாக ஏற்றினேன்.

கொஞ்ச தூரத்திலேயே ஓர் அற்புதம் நடந்தது. அதுவரை வழியெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த கிணுகிணு சத்தம் நின்றுவிட்டது. குலுக்கலும் நின்றுவிட்டது.

"இப்ப மெத்துன்னு போவுதுடா," என்றார் மாமா, ஆச்சரியத்தோடு.

"அதான் மாமா பிரேஸிங்," என்றேன். அந்த நிமிஷத்தில் எனக்கிருந்த பெருமிதத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

ஸ்டியரிங் லேசாகக் கனத்தது. முன்னால் ரோடு சரியாகத் தெரியவில்லை. பானெட்டுக்கு முன்னால் ஏதோ பழுப்பாக உயர்ந்துகொண்டே வந்தது. அப்பா மூக்கை உறிஞ்சினார்.

"உளுந்து வறுக்கிற வாசனை வருதே."

"பொண்ணு வீட்டுல களி கிண்டுறாங்க போல மச்சான்," என்றார் மாமா. அவருக்கு உளுத்தங்களி பிடிக்கும்.

அம்மா மட்டும் திரும்பிப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டாள். "ஏண்டா, நமக்குப் பின்னாடி மட்டும் ஏன் ரோட்டுல செடியே இல்ல?"

கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் தார்ரோடு கழுவித் துடைத்தது போலக் கிடந்தது. அதில் இரண்டு பெண்கள் கையில் விளக்குமாறோடு ஓடி வந்துகொண்டிருந்தார்கள். "வரவேற்க வர்றாங்கடா," என்று மாமா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஆட்டினார். அவர்களும் ஆட்டினார்கள், விளக்குமாற்றால்.

பெண் வீட்டு வாசலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காரே தெரியவில்லை. ஒரு சிறிய உளுந்துப் போர் தானாக நகர்ந்து வந்து, பந்தல் காலுக்குப் பக்கத்தில் நின்றது. உள்ளிருந்து வாழைக்காய் மண்டி மாமா இறங்கினார். போருக்கு அடியிலிருந்து புகை வந்தது. சைலன்சர் சூட்டில் சருகு கருகத் தொடங்கியிருந்தது.

"எல்லாரும் எறங்குங்க! கீழ புகையுது!" என்று கத்தியபடி ஒருவர் சலவை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குடத்துத் தண்ணீரோடு ஓடி வந்தார். ஆளாளுக்கு ஒரு குடம். யாரோ பானெட்டைத் திறந்து அதற்குள்ளும் ஊற்றினார்கள். புகை அடங்கியது. காரிலிருந்து கறுப்புத் தண்ணீர் வழிந்தது. குடத்தைக் கீழே வைத்தவர் செடியைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது எங்க செடியாச்சே?"

அவர்தான் தங்கராசு. மாப்பிள்ளை வீட்டு வண்டி எப்படியும் வரும், சும்மா வருகிற வண்டியை வீணாக்குவானேன் என்று காலையிலேயே தன் உளுந்தையெல்லாம் பரப்பி வைத்திருந்தாராம். முதலில் ஏறுகிற வண்டி எங்களுடையதாக இருக்கட்டும், ராசியாக இருக்கும் என்றுகூடச் சொன்னாராம். ஏறிய வண்டி களத்தையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டது.

அவர் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். செடியையெல்லாம் வாரிக்கொண்டு வந்த ஆங்கிள் தெரிந்தது. திறந்திருந்த பானெட்டுக்குள் பச்சைக் குழாய் தெரிந்தது. அவர் முகம் மாறியது.

"இது என்ன கம்பி?"

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் என்னிடம் யாராவது கேள்வி கேட்டால் விளக்கிச் சொல்லாமல் இருக்க முடியாது, தொழில்கோளாறு. சேஸிஸ், முறுக்குவிசை, வளைவில் வண்டியின் பிடிமானம் என்று தொடங்கி, பந்தயக் கார்களில் இதைத்தான் பொருத்துகிறார்கள் என்று முடித்தேன்.

"பந்தயக் கார்லயா?" என்றார் தங்கராசு. குரல் மிகவும் அமைதியாக இருந்தது. அவர் மாமா பக்கம் திரும்பினார். "நாப்பதைத் தாண்டாத பையன்னு சொன்னீங்க. நாப்பதுல போறவனுக்கு இது எதுக்குங்க? வேகமா போறவன்தானே இதெல்லாம் மாட்டுவான்? எங்ககிட்ட பொய் சொல்லிட்டீங்களே."

வெட்கமெல்லாம் அப்போது இல்லை, பயம்தான் இருந்தது. அந்தப் பெண் கையைவிட்டுப் போகிறாள் என்று தெரிந்தது. நான் யோக்கியன் என்று நிரூபிக்க எனக்கு ஒரே வழிதான் இருந்தது. வேகக்காரன் அல்ல, வெறும் முட்டாள்தான் என்று நிரூபிக்க வேண்டும். அதற்குச் சாட்சி சொல்ல என் பெற்றோரைவிடத் தகுதியானவர்கள் யார்?

அதற்குள் யாரோ என் கையில் ஒரு கருக்கரிவாளைக் கொடுத்து, "சிக்கியிருக்கிறதை அறுத்து எடுங்க தம்பி, மறுபடி பத்திக்கப் போவுது," என்றார்கள். வண்டிக்கு அடியில் படுத்தேன். வேட்டி சேறானது. மேலே என் விசாரணை நடந்தது.

"பொய்யெல்லாம் இல்லீங்க," அப்பாவின் குரல். "இவன் நல்லா இருக்கிற எதையாவது கழட்டுவான். அது இவன் பொறந்த நேரம். சீலிங் ஃபேன் சத்தம் போடுதுன்னு கழட்டினான். அந்த ஃபேன் இன்னிக்கும் பரண்ல கெடக்கு. நாங்க விசிறிக்கிட்டு இருக்கோம்."

"பம்புசெட்டைச் சரிபண்றேன்னு ஏதோ பண்ணினான்," இது மாமா. "தண்ணி எதுத்த வயலுக்குப் போச்சு. எதுத்த வயக்காரன் நன்றி சொல்லிட்டுப் போனான்."

"மிக்சியை இன்னும் வேகமா ஓடவைக்கிறேன்னு..." என்று அம்மா ஆரம்பித்தாள். மாமா பலமாக இருமினார். அம்மா நிறுத்திவிட்டாள்.

எனக்குத் தங்கராசுவின் கால் மட்டும் தெரிந்தது. பெருவிரல் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

அப்போது வண்டியின் அந்தப் பக்கத்தில் ஒரு பட்டுச்சேலையின் கரை தெரிந்தது. அடுத்து கொலுசுக் கால். அடுத்து, சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, தலையைச் சாய்த்து ஒரு முகம் வந்தது. மாட்டின் வயிற்றுக்கு அடியில் குனிந்து பார்த்துப் பழகியவள். கொஞ்சமும் தயங்காமல் மல்லிகைப்பூ மண்ணில் பட வண்டிக்கடியில் எட்டிப் பார்த்தாள்.

"எங்க சிக்கியிருக்கு?"

"இந்தப் பக்கம். பாத்து, சைலன்சர் சுடும்."

"உண்மையிலேயே எவ்வளவு வேகத்துல ஓட்டுவீங்க?"

"நாப்பது."

"அப்ப இது எதுக்கு?"

யோசித்தேன். முறுக்குவிசை வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

"தெரியலைங்க," என்றேன். "வீடியோல நல்லா இருந்துச்சு."

அவள் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. கையை நீட்டி ஒரு கொத்துச் செடியை உருவி எடுத்து, உற்றுப் பார்த்துவிட்டு எழுந்து நின்றாள்.

"அப்பா, இங்க வாங்க. இதைப் பாருங்க."

"என்ன பாக்கச் சொல்ற?"

"காயெல்லாம் முழுசா இருக்கு. நல்லா காஞ்ச செடிப்பா. தொட்டா வெடிக்கும். வேகமா வந்து இடிச்சிருந்தா மொத்த உளுந்தும் ரோட்டுலயே கொட்டியிருக்கும். இவரு வந்த வேகத்துல அடியில கருகினதைத் தவிர ஒரு காய்கூட வெடிக்கலை."

தங்கராசு அந்தக் கொத்தை வாங்கினார். ஒரு காயை விரலால் அழுத்தினார். பட்டென்று வெடித்து உளுந்து சிதறியது. இன்னொன்றை அழுத்தினார். அதுவும் வெடித்தது. அவர் போரின் மேல் பக்கத்தில் கையைவிட்டு, வெவ்வேறு இடத்திலிருந்து இழுத்து இழுத்துப் பார்த்தார். எல்லாம் முழுக் காய். பஸ் ஏறினால் ஒரே தடவையில் உதிர்ந்திருக்க வேண்டிய உளுந்து, என் வண்டியில் சிக்கி இழுபட்டு வந்தும் அப்படியே இருந்தது.

"அட," என்றார். "மாட்டுவண்டியில அடிச்சாக்கூட கொஞ்சம் உதிருமே!"

முதலில் சிரித்தது விளக்குமாற்றோடு ஓடி வந்த பெண்களில் ஒருவர். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. மாமா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், பந்தல் ஆடியது. தங்கராசு கண்ணைத் துடைத்துக்கொண்டே குனிந்து, "வெளிய வாங்க தம்பி, காப்பி ஆறிடப் போவுது," என்றார். வந்த பையனுக்குக் காப்பி என்றால் அந்த வீட்டில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அப்படியே அடியிலேயே படுத்து அழுதுவிடலாம் போல் இருந்தது.

நான் வெளியே வந்தபோது இளவரசி உள்ளே போய்விட்டிருந்தாள். முகம், கழுத்து, சட்டை எல்லாம் கரி. தலையில் உளுந்துச் சருகு. பெண் பார்க்க வந்த கூட்டத்தில் பார்க்கப்பட்டது நான்தான். அம்மா தட்டை நீட்டியபோது அதிலிருந்த வாழைப்பழமெல்லாம் குலுக்கலில் கூழாகியிருந்தது. பூ மட்டும் நன்றாக இருந்தது. பெண்ணே எல்லோர் முன்னாலும் பையனுக்காகப் பேசிவிட்டாள், இதற்கு மேல் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று மாமா சொல்ல, அன்றைக்கே பூ வைத்துவிட்டோம். சோப்புப் போட்டுக் குளிக்கவைத்து, தங்கராசுவின் வேட்டி ஒன்றைக் கட்டிவிட்டு என்னை உட்காரவைத்தார்கள். அது எனக்கு முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேதான் வந்தது. நிச்சயதார்த்தப் போட்டோவில் இன்றும் அப்படித்தான் இருக்கிறேன்.

ஆங்கிளைக் கழற்ற முடியவில்லை. பாஸ்கர் முடுக்கியது முடுக்கியதுதான். அந்த ஊர் டிராக்டர் மெக்கானிக் வந்து அறுத்தெடுத்தார். உளுந்தை மறுநாள் பஸ் போகிற ரோட்டில் பரப்பி அடித்தார்கள். கருகியது போக மீதி நன்றாகத்தான் இருந்தது என்றார்கள். எங்கள் கல்யாணத்து வடையில் லேசாகப் புகை வாசம் அடித்ததாக மாமா சொல்லுவார். அதை யாரும் நம்ப வேண்டாம். மாமா எட்டு வடை சாப்பிட்டார்.

இப்போது எங்களுக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறது. அவளுக்குச் சோறு ஊட்டும்போது இளவரசி சொல்லுகிற கதை, நடந்து வந்த உளுந்துப் போரின் கதைதான். போருக்குள்ளிருந்து மாமா தாத்தா இறங்குகிற இடத்தில் குழந்தை வாயைத் திறந்து சிரிக்கும். அப்போது ஒரு கவளம் உள்ளே போய்விடும். நான் அந்தப் பக்கம் போனால், "பந்தயக்காரர் வர்றாரு, தட்டை நகத்து," என்பாள் இளவரசி. நான் ஸ்பானரைத் தொட்டால் வீட்டில் எல்லோரும் எழுந்து நின்றுவிடுகிறார்கள்.

வருஷா வருஷம் சித்திரையில் மாமனார் போன் செய்வார். பேத்தியை விசாரிப்பார், மழையைப் பற்றிச் சொல்லுவார், உளுந்து விலையைத் திட்டுவார். கடைசியில் குரலை மட்டும் ரொம்ப மரியாதையாக மாற்றிக்கொள்வார்.

"மாப்ள, செடி பரப்பியிருக்கோம். பொண்ணும் பேத்தியும் எப்படி வேணா வரட்டும். நீங்க மட்டும் பஸ்ல வந்துடுங்க."